லூயிஸ் தீவுப் பெட்டி: எல்லாம் இணையத்தில் இருக்கிறதே, ஊர்ச் சங்கம் எதற்கு?

கிளாஸ்கோ மாப்பிள்ளை கேட்டது, பிப்ரவரி 2

மனைவிக்கு ஊர் ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவு, வடக்கே நெஸ் பக்கம். அவளுடைய பாட்டி போன பிறகு வீட்டைக் காலி செய்தபோது ஒரு பிஸ்கட் டின் எங்கள் பங்குக்கு வந்தது. உள்ளே முதல் உலகப் போரில் இறந்தவர் வீட்டுக்குக் கொடுத்த பெரிய வெண்கல வில்லை, ரிப்பனோடு ஒரு நட்சத்திர மெடல், மரக் கொட்டகை முன்னால் கப்பல்காரர்கள் கும்பலாக நிற்கும் போட்டோ, பைபிளிலிருந்து கிழிந்து வந்த ஒரு தாள், ஒரு ஆடியோ கேசட். எல்லாவற்றையும் போனில் படம் எடுத்தாயிற்று. ஸ்காட்லாந்து ஆவணங்கள்தான் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றனவே, கொள்ளுத்தாத்தா ஜான் மக்லவுட்டையும் கண்டுபிடித்துவிட்டேன். மனைவியின் சித்தப்பா மட்டும் "ஊர் வரலாற்றுச் சங்கத்தில் கொடு" என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். இணையத்தில் இருப்பதையே ஒரு பழைய பள்ளிக்கூடத்து அலமாரியில் வைத்து என்ன ஆகப்போகிறது? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிப்ரவரி 2, இரவு

எந்த ஜான் மக்லவுட்?

கிண்டலுக்குக் கேட்கவில்லை. எந்த ஊர், கிராஃப்ட் எண் என்ன, அப்பா பெயர் என்ன? இது மூன்றும் தெரியாமல் "கண்டுபிடித்துவிட்டேன்" என்றால் யாரோ ஒரு ஜான் மக்லவுட் அகப்பட்டிருக்கிறார், அவ்வளவுதான். டின்னை எங்கும் கொடுக்க வேண்டாம், தூக்கியும் போட வேண்டாம். நாளை டியூட்டி முடிந்து எழுதுகிறேன்.

பிப்ரவரி 3

நான் லூயிஸின் பெரிய ஊரான ஸ்டோர்னோவேயில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். லீவு கிடைத்தால் ஒரு ஊரின் வரலாற்றுச் சங்கத்தில் போய் ஸ்கேனர் முன்னால் உட்கார்ந்துவிடுவேன். கேலிக் மொழி காதில் விழுந்தால் ஓரளவு புரியும், நான் பேசினால் மற்றவர்கள் சிரிப்பார்கள். கீழே சொல்வதெல்லாம் தீவுக்காரர்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

லூயிஸில் மக்லவுட், மக்டொனால்ட், மாரிசன், மக்கென்சி, மக்ஐவர் என்று ஒரு கைப்பிடிக் குடும்பப் பெயர்கள்தான். முதல் பெயரும் புதிதாக வைக்க மாட்டார்கள். மூத்த பையனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தா பெயர், அடுத்தவனுக்கு அம்மாவைப் பெற்ற தாத்தா பெயர். இரண்டு தாத்தாவும் டொனால்டாக இருந்தால் ஒரே வீட்டில் இரண்டு டொனால்ட் வளர்வான். ஒருவன் பெரிய டொனால்ட், இன்னொருவன் சின்ன டொனால்ட். சர்க்கார் பதிவில் இரண்டு பேரும் வெறும் டொனால்ட் மக்லவுட்.

ஊருக்குள் இதனால் குழப்பம் வராது. அப்பா பெயர், தாத்தா பெயர் என்று கோத்து, "மர்டோவின் ஜானின் டொனால்ட்" என்பார்கள். இல்லாவிட்டால் பட்டப்பெயர். தபால்காரருக்குக் கிராஃப்ட் எண் போதும். கிராஃப்ட் என்றால் ஒவ்வொரு குடும்பமும் குத்தகைக்கு வைத்திருக்கும் சின்னக் காணி. லயனல் என்ற ஊரில் 10-ஆம் எண் என்றால் அது யார் வீடு என்று பக்கத்து ஊர்க்காரருக்கும் தெரியும். குழப்பமெல்லாம் தாள் தீவை விட்டு வெளியே போன பிறகுதான். லண்டனில் உட்கார்ந்து எழுதிய குமாஸ்தாவுக்கு மர்டோ யார் என்று தெரியுமா என்ன?

இப்போது உங்கள் வெண்கல வில்லை. கிட்டத்தட்ட 12 செ.மீ. அகலம், பிரிட்டனைக் குறிக்கும் பிரிட்டானியா என்ற பெண் நிற்பாள், பக்கத்தில் சிங்கம், ஒரு செவ்வகத்துக்குள் எழும்பிய எழுத்தில் பெயர். பெயர் மட்டும்தான். பதவி, படைப்பிரிவு, எண் எதுவும் இருக்காது. செத்தவர்களில் அதிகாரி, சிப்பாய் என்ற பேதம் வேண்டாம் என்று வேண்டுமென்றே விட்டதுதான் அது. எண்ணம் உயர்ந்ததுதான். ஆனால் லூயிஸ் தீவில் "ஜான் மக்லவுட்" என்று மட்டும் எழுதிய வில்லை யாருடையது என்பதை அது எந்த வீட்டு அலமாரியில் இருந்தது என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும். இப்போது அது அந்த அலமாரியிலும் இல்லை. வில்லையோடு ஒரு காகிதச் சுருளும் கொடுத்தார்கள், அதில் படைப்பிரிவு இருக்கும். டின் அடியில் மடித்துக் கிடக்கிறதா, பாருங்கள்.

பிப்ரவரி 3, சற்று நேரம் கழித்து

மெடலைப் பற்றிச் சொல்ல விட்டுப்போயிற்று. நட்சத்திரத்தின் நடுவில் 1914 என்று இருக்கிறதா, 1914-15 என்று இருக்கிறதா? பின்பக்கம் வழவழப்பாக இருக்கும், அங்கே பெயர் அச்சடித்திருப்பார்கள். பிராஸோ போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டுப் படம் போடாதீர்கள். ஒரு வீட்டில் வருடா வருடம் நினைவு நாளுக்கு முன்னால் வெள்ளி மெடலைத் தேய்த்தே விளிம்பில் இருந்த எண்ணில் பாதியை அழித்துவிட்டார்கள். பாசத்தில் செய்ததுதான், யாரைக் குறை சொல்ல?

பிப்ரவரி 5

மாப்பிள்ளை பதில் போட்டிருக்கிறார்: நட்சத்திரத்தில் 1914, பின்பக்கம் "டி. மக்லவுட்", அப்புறம் பென்போ பட்டாலியன் என்று எழுதியிருக்கிறதாம்.

பாருங்கள், டின்னுக்குள் இரண்டு ஆள். வில்லை ஜானுடையது, நட்சத்திரம் டொனால்டோ டங்கனோ டேவிட்டோ, யாரோ ஒரு "டி"-யுடையது.

அந்த 1914 என்ற வருடம்தான் சாவி. அந்த வருடம் ஆகஸ்ட் 5 முதல் நவம்பர் 22 வரை பிரான்சிலோ பெல்ஜியத்திலோ தரையில் நின்றவர்களுக்குத்தான் அந்த நட்சத்திரம். கடற்படைக்காரர் தரையில் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். லூயிஸ் மீனவர்கள் ஏராளமாகக் கடற்படை ரிசர்வில் பெயர் கொடுத்திருந்தார்கள். ஸ்டோர்னோவேயில் பேட்டரி என்ற கடற்படைப் பயிற்சித் தளத்தில் வருடத்துக்குச் சில வாரம் பயிற்சி, கையில் கொஞ்சம் காசு. மீன் படாத வருடங்களில் அந்தக் காசுதான் வீட்டை ஓட்டியது. போர் வந்ததும் கப்பல்களுக்குத் தேவையானதுக்கு மேல் ஆட்கள் இருந்தார்கள். மிச்சம் இருந்தவர்களைச் சேர்த்து ராயல் நேவல் டிவிஷன் என்று தரைப்படையாக்கி, அக்டோபரில் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரத்தைக் காக்க அனுப்பினார்கள். நகரம் விழுந்தது. பின்வாங்கும்போது ஹாக், காலிங்வுட், பென்போ என்ற மூன்று பட்டாலியன்களில் சுமார் 1,500 பேர் எல்லை தாண்டி நெதர்லாந்துக்குள் போய்விட்டார்கள். நெதர்லாந்து நடுநிலை நாடு. ஆயுதத்தை வாங்கிக்கொண்டு குரோனிங்கன் நகரத்தில் மரக் கொட்டகைகள் கட்டி, போர் முடியும்வரை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். உள்ளே இருந்தவர்கள் கப்பல் பெயர் மாதிரி அதற்கு "எச்.எம்.எஸ். டிம்பர்டவுன்" என்று பட்டம் வைத்தார்கள். லூயிஸ் ஆட்கள் மட்டும் நூற்றுக்கு மேல் அங்கே.

உங்கள் போட்டோவில் பின்னால் தெரியும் மரக் கொட்டகை அதுவாகத்தான் இருக்கும் என்று என் ஊகம். பின்பக்கத்தையும் ஸ்கேன் எடுங்கள். போன் படம் போதாது. ஸ்கேனரில் குறைந்தது 600 டிபிஐ, டிஃப் கோப்பாக. பின்பக்கம் வெறுமையாகத் தெரிந்தாலும் எடுங்கள், பென்சில் தடம் பெரிதாக்கினால்தான் தெரியும்.

பிப்ரவரி 6

"போர் ஆவணம் எல்லாம் குண்டு விழுந்து எரிந்துபோயிற்றே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எரிந்தது தரைப்படைச் சிப்பாய்களின் பணிப் பதிவு. 1940 செப்டம்பரில் லண்டன் ஆர்ன்சைட் தெருக் கிடங்கில் விழுந்த குண்டில் பாதிக்கு மேல் போயிற்று. மிச்சம் தப்பியதிலும் ஓரம் கருகியது, தண்ணீர் பட்டது உண்டு. கடற்படை ரிசர்வ் பதிவுகள் அந்தக் கிடங்கில் இல்லை, அவை லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. லூயிஸ் குடும்பங்களுக்கு அந்த அளவில் அதிர்ஷ்டம். ஆனால் சீஃபோர்த், கேமரன் ஹைலாண்டர் என்ற தரைப்படைப் பிரிவுகளில் சேர்ந்த தீவுக்காரர்களும் நிறையப் பேர். அவர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் பாதிதான்.

மற்றபடி இணையத்தில் இருப்பதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஸ்காட்லாந்தில் 1855-இலிருந்து பிறப்பு, திருமணம், இறப்பு கட்டாயப் பதிவு. இறப்புப் பதிவில் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரும் இருக்கும். இந்த ஒரு விஷயம் போதும், மக்லவுட்களைப் பிரித்துவிடலாம். 1921 மக்கள்தொகைக் கணக்கு வரை திறந்தாயிற்று. பிறப்புக்கு 100 வருடம், திருமணத்துக்கு 75, இறப்புக்கு 50 கழித்துத்தான் இணையத்தில் படம் கிடைக்கும்.

அப்புறம் "லாயல் லூயிஸ்" மரியாதைப் பட்டியல். தீவிலிருந்து படைக்குப் போன 6,000-க்கும் மேற்பட்டவர்களை ஊர் வாரியாக அடுக்கியது. அந்தப் போருக்கு முன்னால் தீவின் மொத்த ஜனத்தொகையே 30,000-ஐத் தொடவில்லை. குழந்தை, கிழவர், பெண்கள் போக யார் மிச்சம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பிப்ரவரி 8, ஞாயிறு

இன்று ஸ்கேனருக்கும் ஓய்வு. இங்கே ஞாயிற்றுக்கிழமை கப்பல் விட்டதே 2009-இல்தான், அதற்கே அவ்வளவு சண்டை. நான் துணி காயப்போட்டால் பக்கத்து வீட்டம்மா ஒன்றும் சொல்ல மாட்டார், ஜன்னல் வழியாக ஒரு பார்வை பார்ப்பார். அது போதும்.

பிப்ரவரி 10

மாப்பிள்ளை போட்டோவைப் பெரிதாக ஸ்கேன் எடுத்து அனுப்பினார். பின்பக்கம் பென்சிலில் "குரோனிங்கன் 1916", அதன் கீழே எண் எண்ணாக ஏதோ எழுதி அழித்த தடம். பெயர் ஒன்றும் இல்லை.

அவர் மனைவியிடம் அனுமதி கேட்டுவிட்டு, ஏ3 தாளில் அச்செடுத்து, வேலை செய்யும் இல்லத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே நெஸ் பக்கத்துப் பாட்டி ஒருவர் இருக்கிறார், தொண்ணூறு தாண்டியவர். காலையில் என்ன சாப்பிட்டோம் என்பது அவருக்கு நினைவில் நிற்காது. படத்தை மேசையில் விரித்தேன். பூதக்கண்ணாடியை வரிசையாக நகர்த்திக்கொண்டே வந்தவர், இரண்டாம் வரிசையில் இடமிருந்து மூன்றாவது ஆளிடம் நிறுத்தினார். மற்றவர்களெல்லாம் நேராக நிற்க, அவர் மட்டும் ஒரு தோளைத் தாழ்த்தி, கட்டைவிரலை பெல்ட்டுக்குள் செருகியிருந்தார். "இவன் மகன் பிரசங்கம் கேட்கும்போது இப்படித்தான் நிற்பான்" என்றார் பாட்டி. முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மகனுடைய பட்டப்பெயரைச் சொன்னார், எந்த ஊர், எந்த எண் என்பதையும் சொன்னார். அப்புறம் டீ கேட்டார்.

அதை அப்படியே "இவர்தான்" என்று எழுதிவிட்டால் வேலை கெட்டுவிடும். சங்கத்தில் செய்வது இதுதான்: படத்தின் மேல் ட்ரேசிங் தாளை வைத்து ஒவ்வொரு தலையையும் கோட்டால் வரைந்து எண் போடுவோம். எண்ணுக்கு நேரே யார், எந்தத் தேதியில், என்ன சொன்னார் என்று எழுதுவோம். இன்னொருவர் வந்து மாற்றிச் சொன்னால் முதலாமவர் சொன்னதை அடிக்க மாட்டோம், கீழே சேர்ப்போம். இரண்டு தாத்தாக்கள் ஒரு படத்தில் இருந்த ஒரு காதுக்காக ஒரு மாலை முழுக்கச் சண்டை போட்டு, போகும்போது ஒரே காரில் ஏறிப் போனதை என் கண்ணால் பார்த்தேன். இரண்டு பேர் சொன்னதும் பதிவில் இருக்கிறது.

மாப்பிள்ளை, அலமாரியில் வைத்து என்ன ஆகும் என்று கேட்டீர்களே. அலமாரி சும்மாதான் இருக்கும். அதைச் சுற்றி டீ குடிக்க வருகிறவர்களுக்குத்தான் வில்லையில் இருக்கும் பெயர் ஆளாகத் தெரியும். அவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். உங்களிடம் இருக்கும் படக்கோப்பு பத்து வருடம் கழித்தும் அப்படியே இருக்கும், அதைப் பார்த்து "இவன் மகன்" என்று சொல்ல அப்போது பாட்டி இருக்க மாட்டார்.

பிப்ரவரி 10, பின்குறிப்பு

உங்கள் சித்தப்பாவிடம் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்டீர்களா? அவரைத்தான் முதலில் ரெக்கார்ட் பண்ண வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

பிப்ரவரி 11

"ஜான் அயோலேர் கப்பலில் போனவரா? அதில் 205 பேர் இறந்தார்கள் என்று படித்தேன்" என்கிறார் ஒரு வாசகர். ஜானைப் பற்றி இன்னும் தெரியவில்லை. 205 பற்றிச் சொல்லலாம்.

1918 டிசம்பர் 31. போர் முடிந்து, புத்தாண்டுக்கு வீட்டுக்கு வர லீவு கிடைத்த கடற்படைக்காரர்கள் ரயில் ரயிலாக எதிர்க்கரைத் துறைமுகமான கைல் ஆஃப் லொகால்ஷ் வந்து இறங்குகிறார்கள். தபால் கப்பல் ஷீலாவில் இடம் போதவில்லை. ஸ்டோர்னோவேயிலிருந்து கடற்படையின் அயோலேர் என்ற கப்பலை வரவழைத்து மிச்சப் பேரை ஏற்றினார்கள். ஏறியவர்களுக்கு ஒழுங்கான பட்டியல் கிடையாது. உயிர்காப்பு அங்கியும் படகும் அத்தனை பேருக்குப் போதவில்லை. நள்ளிரவு தாண்டி, புத்தாண்டு பிறந்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை, துறைமுக வாயிலுக்குப் பக்கத்தில் ஹோம் பாறைகளில் கப்பல் மோதியது. கரை கிட்டத்தில் தெரிந்தது. நெஸ்ஸைச் சேர்ந்த ஜான் எஃப். மக்லவுட் கையில் கயிற்றோடு நீந்திக் கரையேறினார். அந்தக் கயிற்றைப் பிடித்துச் சுமார் 40 பேர் பிழைத்தார்கள். நெஸ்காரரான டொனால்ட் மாரிசன் கப்பலின் பாய்மரத்தில் தொங்கிக்கொண்டே விடியும்வரை கிடந்து பிழைத்தார். கரையில் ஒதுங்கிய உடல்களை வைத்தது அவர்களில் பலர் பயிற்சி எடுத்த அதே பேட்டரியில்.

அந்த ஹோம் கரையில் நிற்கும் நினைவுக் கல் 205 பேர் என்று சொல்கிறது, அதில் 175 பேர் தீவுக்காரர். இன்று ஏற்றுக்கொண்ட எண்ணிக்கை 201, அதில் லூயிஸ் ஆட்கள் 174, தெற்கே ஒட்டியிருக்கும் ஹாரிஸ் ஆட்கள் 7. ஏறியவர் பட்டியலே இல்லாத கப்பலில் இந்தத் திருத்தம் எப்படி வந்தது? ஊர் ஊராக, கிராஃப்ட் கிராஃப்டாக, ஒவ்வொருவராகச் சரிபார்த்துத்தான். ஒரே பெயரில் இரண்டு பேரா, ஒரே ஆளை இரண்டு ஊரில் எழுதிவிட்டார்களா, இவர் ஷீலாவில் வந்து சேர்ந்தவரா என்று பார்க்க உள்ளூர் ஆள் வேண்டும். நூற்றாண்டு வந்த சமயத்தில்தான் அந்த வேலை ஒருவழியாக முடிந்தது.

பிப்ரவரி 13

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். ரெக்கார்ட் பண்ணுங்கள், பதிவு பண்ணுங்கள் என்று நான் பாட்டுக்கு அடுக்கிவிட்டேன். இன்னொரு பக்கமும் உண்டு.

அயோலேரைப் பற்றித் தீவில் பல பத்தாண்டுகளுக்கு யாரும் பேசவில்லை. பிழைத்தவர்கள் பேசவில்லை, பறிகொடுத்த வீடுகளில் அந்தப் பேச்சை எடுக்கவே மாட்டார்கள். என் இல்லத்தில் இருந்த ஒரு தாத்தா, "எங்கள் அப்பா புத்தாண்டு ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுச் சீக்கிரம் படுத்துவிடுவார், ஏன் என்று அவர் செத்த பிறகுதான் தெரிந்தது" என்றார். அந்த அப்பா உயிரோடு இருந்தபோது மைக்கை நீட்டியிருக்க வேண்டுமா? நீட்டாதது நஷ்டம்தான் என்று வரலாற்றுக்காரர்கள் சொல்வார்கள். எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை.

சங்கத்துக்கு ஒருமுறை ஒரு கட்டுக் கடிதம் வந்தது. போரிலிருந்து திரும்பிய ஒருவர் பெருநிலத்து மனநோய் மருத்துவமனையில் பல வருடம் இருந்தது அதில்தான் தெரிந்தது. அவருடைய பேத்திக்கே தெரியாது. மேசையைச் சுற்றி நீண்ட பேச்சு. கடைசியில் அவர் பக்கத்தில் "கடற்படையில் பணியாற்றினார்" என்பது மட்டும் போனது. கடிதங்கள் உறைக்குள், உறை மேல் ஒரு வருடம், அதற்கு முன்னால் திறக்கக் கூடாது. பேத்திக்கு மட்டும் தனியாகச் சொன்னார்கள், அவர் கேட்ட பிறகு.

பட்டப்பெயரிலும் இதே சிக்கல் உண்டு. ஆளை அடையாளம் காண அதைவிட நல்ல சாட்சி இல்லை. ஆனால் அதில் பாதி யாரையாவது குத்துவதற்கு வைத்தது. தாள் பதிவில் எழுதிக்கொள்கிறோம், இணையத்தில் ஏற்றுவதற்கு முன்னால் குடும்பத்தைக் கேட்கிறோம். பெரிய வம்சாவளித் தளங்கள் இதைச் செய்யாது, செய்யவும் முடியாது, கேட்பதற்கு அவர்களுக்கு ஆள் யார்?

பிப்ரவரி 14

"அக்கா, நம்ம ஊர்ப் பக்கம் இதற்கு ஏதாவது தொடர்பு உண்டா, சும்மா ஒரு ஆசை" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். உண்டு, பெரிய தொடர்பே உண்டு. மெக்கன்சி சுவடிகள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் இருப்பவை. அந்த காலின் மெக்கன்சி ஸ்டோர்னோவேக்காரர். இங்கே சுங்கத்தில் வேலை பார்த்துவிட்டு, 1783-இல் சென்னை வந்து படையில் பொறியாளராகச் சேர்ந்தவர். 1815-இல் இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளர். காவலி வெங்கட போரையா மாதிரி உதவியாளர்களை ஊர் ஊராக அனுப்பி, கணக்குப்பிள்ளைகள் சொன்ன கைபீது என்ற ஊர் வரலாறுகளையும் கல்வெட்டுப் படிகளையும் ஏடுகளையும் வண்டி வண்டியாகச் சேர்த்தார். 1821-இல் வங்காளத்தில் இறந்தார், தீவுக்குத் திரும்பவே இல்லை.

நம் கிராமத்துக் கதையைத் தீவுக்காரர் ஒருவர் எழுதிவைத்தார், இப்போது அவர் ஊர்க் கதையை நான் ஸ்கேன் எடுக்கிறேன் என்று சங்கத்தில் சொன்னேன். "சம்பளம் அவருக்கு மட்டும்தான்" என்றார் பொருளாளர்.

பிப்ரவரி 17

சித்தப்பா வாயைத் திறந்துவிட்டார்! மாப்பிள்ளை எழுதியதைச் சுருக்கித் தருகிறேன். கொள்ளுத்தாத்தா டொனால்ட்தான், குரோனிங்கனில் இருந்தவர். ஜான் அவருடைய தம்பி, 1917-இல் கண்ணிவெடி வாரும் படகில் போனவர், கல்யாணம் ஆகவில்லை. வில்லை அம்மா கைக்கு வந்தது, அம்மாவுக்குப் பிறகு டொனால்டிடம். இல்லத்துப் பாட்டி சொன்ன ஊரும் எண்ணும் சித்தப்பா சொன்னதோடு ஒத்துப்போகின்றன. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவிலும் ஜானுக்கு நேரே அதே ஊர், அதே எண். போர் முடிந்து ஆணையம் அனுப்பிய படிவத்தை அந்த அம்மா நிரப்பி அனுப்பியிருக்கிறார். நிரப்பி அனுப்பாத வீட்டுப் பையன்களுக்கு அந்த இடம் காலிதான்.

மாப்பிள்ளை இணையத்தில் பிடித்து வைத்திருந்த ஜான் தெற்கே லாக்ஸ் பக்கத்துக்காரராம். அவருடைய வாரிசுகள் யாராவது இதைப் படித்தால், உங்கள் ஆள் பத்திரமாகத் திரும்பி வருகிறார்.

பைபிள் தாளைப் பற்றி: கடைசி வரியில் ஒரு பெண் பெயருக்கு எதிரே "1923 ஏப்ரல், கனடா" என்று இருக்கிறதாம். அந்த மாதம் 21-ஆம் தேதி ஸ்டோர்னோவேயிலிருந்து மெட்டகாமா என்ற கப்பல் சுமார் 300 பேரை, முக்கால்வாசி இளைஞர்களை, கனடாவுக்கு ஏற்றிப் போனது. போரில் ஒரு தலைமுறை, அயோலேரில் மிச்சம், அப்புறம் இது. அவர் அதில் போயிருக்கலாம், பயணிகள் பட்டியலில் பாருங்கள். கிடைத்தால் அந்தக் கிளையையும் தேடுங்கள். போனவர்கள் போகும்போது எடுத்துப்போன போட்டோக்களில்தான் பின்பக்கம் பெயர் எழுதியிருக்கும். ஊரில் இருந்தவர்களுக்கு எழுதத் தேவையே இருந்ததில்லையே.

பிப்ரவரி 20

கேசட். ஆர்வத்தில் கைக்குக் கிடைத்த பிளேயரில் போட்டுவிடாதீர்கள், நாடாவைத் தின்றுவிடும். முதலில் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் பற்களையும் உடைத்துவிடுங்கள், தவறிப்போய் மேலே ரெக்கார்ட் ஆகாது. ஜன்னல் வழியாக நாடாவைப் பாருங்கள், வெள்ளையாகப் பொடி தெரிந்தால் பூஞ்சை, தொடவே வேண்டாம். பீட் என்ற சதுப்பு மண்கட்டியை எரிக்கும் அடுப்பும் ஈரக் காற்றும் உள்ள வீட்டில் இருந்த நாடாவில் பூஞ்சை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். சுத்தமாக இருந்தால், நல்ல டெக் வைத்திருப்பவர் ஒருமுறை ஓட்டி வேவ் கோப்பாக எடுக்கட்டும். எம்பி3 பிறகு செய்துகொள்ளலாம்.

பேசுவது மனைவியின் பாட்டி, கேள்வி கேட்பது பள்ளி ஆசிரியர் என்று சித்தப்பா சொன்னாராம். அப்படியானால் கேலிக்தான். கேட்டு எழுத ஆள் வேண்டும், அதிலும் நெஸ் பேச்சு பழகிய ஆள். எடின்பரோவில் ஸ்காட்டிஷ் ஆய்வுப் பள்ளி 1951-இலிருந்து சேர்த்த ஒலிப்பதிவுகள் டோபார் அன் டுவால்ஹைஸ் தளத்தில் இருக்கின்றன. அதே ஊர்க்காரர் யாராவது அங்கே பேசியிருக்கிறாரா என்று தேடுங்கள், காது பழகும்.

பிப்ரவரி 24

மாப்பிள்ளை முடிவுக்கு வந்துவிட்டார், டின் நெஸ் சங்கத்துக்குப் போகிறது. 1977-இல் தொடங்கிய சங்கம், இந்த மாதிரி ஊர்ச் சங்கங்களுக்கெல்லாம் முன்னோடி. பழைய க்ராஸ் பள்ளிக்கூடம்தான் அதன் இடம், ஆகவே "பழைய பள்ளிக்கூடத்து அலமாரி" என்று அவர் நக்கலாகச் சொன்னது உண்மைதான்.

கொடுக்கும் முன் பார்க்க வேண்டியது: நன்கொடையா, இரவலா என்று எழுத்தில் இருக்கட்டும். மெடலும் வில்லையும் மகளுக்கு வேண்டும் என்றால் அவற்றை வீட்டில் வைத்துக்கொண்டு, இருபுறமும் ஸ்கேன் எடுத்து, கதையை மட்டும் கொடுங்கள், சங்கம் ஏற்றுக்கொள்ளும். போட்டோவும் தாளும் அசலாகப் போவது நல்லது. செல்லோடேப் ஒட்டாதீர்கள், லேமினேட் பண்ணாதீர்கள், பால்பாயின்டில் பின்னால் எழுதாதீர்கள். பாட்டியின் கேசட்டை எல்லோரும் கேட்கலாமா, சங்கத்துக்கு வருகிறவர்கள் மட்டுமா என்பதைச் சித்தப்பாவோடு உட்கார்ந்து முதலில் முழுக்கக் கேட்டுவிட்டு முடிவு பண்ணுங்கள். யாரைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறார் என்று தெரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள். படிவத்தில் "அடுத்த தொடர்பு" என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் உங்கள் பெயரை எழுதாமல் உங்கள் மகள் பெயரை எழுதுங்கள். அவளுக்குப் பதினெட்டு ஆகவில்லை என்றால் மனைவி பெயர்.